என் உயரத்துக்கு ஒரு சைக்கிள்

சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லாமலேயே போய் வாங்கி வந்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் ஒரு வருடத்தில் பாதி மிச்சமாகியிருக்கும். என் வலது மணிக்கட்டும் முழுசாக இருந்திருக்கும்.

நான் அலோர் காஜாவில் ஒரு பல் கிளினிக்கில் தாதி. என்னோடு வேலை செய்யும் மலாய்க்கார அக்கா ஒருவர் சனிக்கிழமை காலைகளில் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குள் சைக்கிள் ஓட்டப் போவார். பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்க வெளியூர் போன பிறகு, வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், வா என்று அவர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய மகள் ஓட்டி விட்டுப் போன மலை சைக்கிள் ஒன்று அவர் வீட்டில் இருந்தது. சின்ன சைக்கிள். பெயிண்ட் உரிந்து, கைப்பிடி ரப்பர் பிசுபிசுத்துக் கிடந்தது. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் தரையில் பதிந்தன.

நான் குள்ளம். கிளினிக்கில் மேல் தட்டில் இருக்கும் பஞ்சுப் பெட்டியை எடுக்க எனக்கென்றே ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் மேலே இருக்கும் கம்பி எனக்கு எட்டாது. எதிலாவது ஏறி உட்கார்ந்தால் என் கால் தரையில் முழுசாகப் பதிவது அபூர்வம். அந்தச் சைக்கிளில் பதிந்தது. செம்மண் பாதையில், செம்பனை மட்டைகளுக்கு நடுவே இறக்கத்தில் போகும்போது வாய்விட்டுச் சிரித்தேன். பின்னால் வந்த அக்கா, என்ன ஆச்சு என்று பயந்துபோய் கேட்டார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது கணவரிடம், இதே மாதிரி ஒன்று வாங்கிக்கொள்ளப் போகிறேன் என்றேன். அவர் ஏர்கான் பொருத்தும் வேலை செய்கிறார். கையில் ஸ்பேனர் இருந்தால் காதில் எதுவும் விழாத மனிதர். இருந்தாலும் நல்ல விஷயம்தான் என்றார். சொன்ன கையோடு போனை எடுத்துத் தன் தம்பியைக் கூப்பிட்டார்.

என் கொழுந்தன் புக்கிட் பெருவாங்கில் நண்பர்களோடு வீடெடுத்துத் தங்கியிருக்கிறான். கல்யாணமாகவில்லை. நல்ல பையன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தால் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவான். ஆனால் மலை சைக்கிள் என்றால் அவனுக்குப் பைத்தியம். ஓட்டுவதைவிட அதைப் பற்றி வீடியோ பார்ப்பதில் அதிகப் பைத்தியம். மறுநாள் பாயா ரும்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தவன், நான் ஓட்டிய சைக்கிளின் படத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"அண்ணி, இது பழைய சைஸ் லா. இப்ப யாரும் இந்தச் சின்ன சக்கரம் போடறதில்ல. பெரிய சக்கரம்னா வேரு மேல, கல்லு மேல எல்லாம் அப்படியே ஏறிப் போயிரும்."

"சக்கரம் ஏறட்டும். நான் ஏறணுமே?" என்றேன்.

"அதெல்லாம் செட்டப்ல பாத்துக்கலாம்."

அந்த 'செட்டப்' என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். அதன் பிறகு அதைக் கேட்காத வாரம் இல்லை.

அவனுடைய நண்பன் ஒருவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதால் தன் சைக்கிளை விற்கிறானாம். கார்பன் பிரேமாம். இந்த மாதிரி வாய்ப்பு திரும்ப வராதாம். மூன்று பேரும் போனோம். நெட்டையான அந்தப் பையன் சைக்கிளைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தான். என் கணவர் அதை ஒரு கையால் தூக்கினார், பிறகு இரண்டு விரலால் தூக்கினார், முகமெல்லாம் வெளிச்சம்.

"தூக்கிப் பாரு, பஞ்சு மாதிரி இருக்கு."

நான் அதைத் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை, ஓட்டப் போகிறேன் என்றேன். காலைப் போட்டு நின்று பார்த்தேன். பிரேமின் குறுக்குக் குழாய் இடிக்க, நுனிக்காலில் நின்றேன். எனக்குப் பெரிசாக இருக்கிறது என்று மூன்று பேருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். சீட்டை இறக்கினால் சரியாகிவிடும் என்று விற்கிறவன் சொன்னான். இறக்கினால் சரியாகிவிடும் என்று கொழுந்தன் சொன்னான். என் கணவர் தலையாட்டினார். சைக்கிள் எங்கள் காரின் பின்னால் ஏறியது.

சீட்டை அடிவரை இறக்கினார்கள். கால் எப்படியோ எட்டியது. கை எட்டவில்லை. கைப்பிடியைப் பிடிக்க நான் கொடியில் துணி காயப்போடுகிறவள் மாதிரி எக்க வேண்டியிருந்தது. எங்கள் குடியிருப்பை, தாமானை, ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே கழுத்து பிடித்துக்கொண்டது. சொன்னேன். கைப்பிடியைப் பிரேமோடு சேர்க்கும் துண்டைக் குட்டையானதாக மாற்றினால் போதும் என்றான் கொழுந்தன். பார்சல் வந்தது, மாற்றினான். கை எட்டியது. ஆனால் முன்சக்கரம் தும்மினால் திரும்பியது. அது குட்டைத் துண்டின் குணமாம், அதற்கு அகலமான கைப்பிடி போட வேண்டுமாம். அகலமான கைப்பிடி வந்தது. அதைப் போட்ட பிறகு சைக்கிள் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்குள் நேராக நுழையவில்லை. சாய்த்து, ஒரு பக்கம் விட்டு, மறுபக்கம் இழுத்துத்தான் கொண்டு வர வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் ஒருநாள் வந்து ஒரு கை கொடுத்தார்.

ஒவ்வொரு மாற்றம் முடிந்ததும் முதலில் ஏறி ஓட்டிப் பார்ப்பவன் கொழுந்தன்தான். தாமானைச் சுற்றி வந்து, சூப்பர் அண்ணி, இப்பதான் சைக்கிள் மாதிரி இருக்கு என்பான். நானும் ஏறுவேன். எனக்கு எதுவும் சூப்பராக இருக்காது.

பிறகு சீட்டுக் குழாய். கைப்பிடியில் ஒரு விசையை அழுத்தினால் சீட்டு தானாக இறங்கும், திரும்ப அழுத்தினால் ஏறும். இறக்கத்தில் போகும்போது இது இல்லாமல் ஓட்டுவது ஆபத்து, உங்களுக்கு இதுதான் முதல் தேவை என்று கொழுந்தன் சொன்னான். நானும் நம்பினேன். குள்ளமானவளுக்குச் சீட்டு இறங்குவது நல்லதுதானே? அண்ணனும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதும் கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து பொருத்தினார்கள். பொருத்தியதும்தான் தெரிந்தது, பிரேமுக்குள் குழாய் ஓர் அளவுக்கு மேல் இறங்கவில்லை. உள்ளே வளைவு. ஆகவே, முழுசாக இறக்கினாலும் சீட்டு பழைய இடத்தைவிட உயரத்தில் நின்றது. உயரத்தைக் குறைக்க வாங்கிய சாமான் உயரத்தைக் கூட்டிவிட்டது.

பழைய குழாயையே திரும்பப் போடுங்கள் என்றேன். என் கணவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கஷ்டப்பட்டு இப்போதுதான் மாட்டியிருக்கிறோம், கொஞ்ச நாள் ஓட்டிப் பார், பழகிவிடும் என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை. சோறு ஆறுகிறது, வந்து சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

இதற்குள் கியர் வேறு. முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம், பின்னால் பெரிய தட்டு மாதிரி ஒன்று, அதுதான் இப்போதைய முறை. அந்தத் தட்டு பழைய பின்சக்கரத்தில் ஏறவில்லை. அதற்காகப் புதுச் சக்கரம் வரவழைத்தான். புதுச் சக்கரம் பிரேமின் பின்கவட்டுக்குள் நுழையவில்லை. சில மில்லிமீட்டர் அகலம் கூடுதலாம். அதைத் திருப்பி அனுப்பி வேறொன்று வருவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. பின்சக்கரம் இல்லாத சைக்கிள் எங்கள் ஹாலில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே, தலைகீழாக நின்றது. எங்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் அதைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

சனிக்கிழமை தோறும் மத்தியானம் என் போனுக்குப் படம் வரும். சேறு தெறித்த முகத்தோடு அக்காவும் மற்ற பெண்களும் ஸ்டாலில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிடும் படம். அந்தப் பழைய சின்ன சைக்கிளையாவது இரவல் கேட்கலாம் என்றால், அதை அக்கா தன் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். உனக்குத்தான் பெரிய சைக்கிள் வந்துவிட்டதே என்றார்.

ஒருவழியாக எல்லாம் பொருந்தியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொழுந்தன் கடைசியாகப் புதுப் பிரேக் போட்டுவிட்டுப் போனான். வெளிநாட்டிலிருந்து வந்த பிரேக், எண்ணெய் நிரப்பி அப்படியே வந்தது, ஒரு விரலால் தொட்டால் நிற்கும் என்றான். வாசலில் இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். நின்றது. மறுநாள் காலை பல மாதத்துக்குப் பிறகு தோட்டத்துக்குப் போனேன்.

நான் பதினெட்டு வயதிலிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவள். வேலைக்கு இன்றும் மோட்டாரில்தான் போகிறேன். வலது கைப் பிடி முன்சக்கரத்துக்கு, ஸ்கூட்டரில் இடது கை பின்சக்கரத்துக்கு என்று என் கைக்குத் தெரியும். நான் யோசிக்க வேண்டியதில்லை. அக்காவின் சின்ன சைக்கிளும் அப்படித்தான், வாங்கி வந்தபோது இந்தக் கார்பன் சைக்கிளும் அப்படித்தான் இருந்தது.

தோட்டத்துக்குள் ஒரு மேட்டிலிருந்து இறங்கும் பாதை. கீழே வடிகால், அதன்மேல் பலகைப் பாலம். முந்தின நாள் மழையில் மண் வழுவழுத்திருந்தது. எனக்கு முன்னால் போனவர்கள் பாலத்தைத் தாண்டிவிட்டார்கள். சீட்டு உயரமாக இருந்ததால் பின்னால் தள்ளி உட்கார முடியாமல், முன்பக்கமாகச் சாய்ந்தபடியே இறங்கினேன். வேகம் கூடியது. பின்பிரேக் என்று நினைத்து இடது கையை இறுக்கினேன். முன்சக்கரம் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

கைப்பிடிக்கு மேலே பறந்து போனது நன்றாக நினைவிருக்கிறது. விழுந்ததும் வலி இல்லை. வெட்டிக் குவித்திருந்த மட்டைகளின் முள் இடது முழங்கையில் ஏறியிருந்தது, அதைப் பிடுங்கலாம் என்று வலது கையைத் தூக்கியபோதுதான் மணிக்கட்டு கோணலாக இருப்பதைப் பார்த்தேன். அக்கா திரும்பி ஓடி வந்து, தன் துண்டால் என் கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். பல் கிளினிக் தாதிகள் இரண்டு பேர் ஒரு வடிகால் ஓரம் உட்கார்ந்து, வாயில் இருக்கும் எலும்பைத் தவிர வேறு எலும்பு நமக்குத் தெரியாதே என்று பேசிக்கொண்டோம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவரும் அக்காதான். வேகத்தைக் குறைக்க இடதுபக்கப் பிடியைத் தொட்டவர் சட்டென்று நின்றார். திரும்ப ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். உன் பிரேக்கை யாரோ இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள், இது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

மருத்துவமனைக்கு என் கணவர் ஓடி வந்தார். வேலைச் சட்டையோடு, கை கழுவாமல். மாவுக்கட்டு போட்டு முடியும்வரை என் பக்கத்திலேயே நின்றார். வீட்டுக்கு வந்தபோது கொழுந்தனும் வந்திருந்தான். அக்கா சைக்கிளை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் காரிலிருந்து இறங்கும்போது அவன் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முன்கவட்டில் விழுந்த கீறலை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"போர்க் தப்பிச்சது அண்ணி. பிரேமுக்கும் ஒன்னும் இல்ல" என்றான்.

நான் ஹாலில் போய் உட்கார்ந்து, இரண்டு பேரையும் எதிரே உட்காரச் சொன்னேன். பிரேக்கைப் பற்றிக் கேட்டேன். அந்த செட் வெளிநாட்டு முறையில் வந்தது, அங்கெல்லாம் இடதுதான் முன்சக்கரம், மாற்ற வேண்டுமானால் எண்ணெயை எடுத்துவிட்டுத் திரும்ப நிரப்ப வேண்டும், அதனால் அப்படியே மாட்டினேன், நாலு தடவை ஓட்டினால் பழகிவிடும் என்று நினைத்தேன் என்றான். சொல்ல மறந்துவிட்டானாம்.

"மறந்துட்ட. சரி. என் கை எங்க ஒடஞ்சுதுன்னு கேட்டியா?"

அவன் கண் என் மாவுக்கட்டுக்குப் போனது.

"நான் பெருசா இருக்குன்னு சொன்னேன். கழுத்து வலிக்குதுன்னு சொன்னேன். சீட்டு ஒசரமா இருக்குன்னு சொன்னேன். நீ ஒவ்வொரு தடவையும் ஏறி ஓட்டிப் பாத்துட்டு சூப்பர்னு சொன்ன. ஒன் ஒடம்புக்கு ஒரு சைக்கிள் செஞ்சுருக்க தம்பி. அத நீயே கொண்டு போ."

"அண்ணி, நான் நல்லதுன்னுதான்..."

"தெரியும். கொண்டு போ."

என் கணவர் தம்பிக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்களும்தான், இரண்டு விரலால் தூக்கிப் பார்த்த அன்றைக்கு என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தீர்களா என்றேன். கொழுந்தன் எழுந்து சைக்கிளைச் சாய்த்து, கேட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனான்.

கட்டு இருந்த வாரங்களில் என் கணவர்தான் எனக்குத் தலை பின்னிவிட்டார். கிளினிக்கில் இலேசான வேலை கொடுத்திருந்தார்கள், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு போக முடியாது. ஒயர் முறுக்குவது போல இறுக்கிப் பின்னுவார், கண்ணில் தண்ணீர் வரும். ஒரு காலையில் பின்னிக்கொண்டே, நான் கேட்டிருக்கணும் என்றார்.

கட்டு பிரித்து, கை தேறி, பந்தை அமுக்கிப் பயிற்சியெல்லாம் செய்து முடித்த பிறகு அலோர் காஜாவில் ஒரு சைக்கிள் கடைக்கு நானே போனேன். அங்கேயும் எனக்கு நிம்மதி இல்லை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முன்கூடை வைத்த ரோஸ் நிறச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார், பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வர வசதியாக இருக்குமாம். தோட்டத்துக்குள் ஓட்ட மலை சைக்கிள் வேண்டும் என்றேன். உடனே கார்பன், பெரிய சக்கரம் என்று ஆரம்பித்தார். பேசிக்கொண்டே போனவரை நிறுத்தி, ஏறி நிற்க எது எனக்குச் சரியாக வருகிறது என்று பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றேன். கணவரையும் ஒரு தடவை கூட்டி வந்து காட்டிவிட்டு முடிவு செய்யலாமே என்றார். என் கணவர் இதை ஓட்டப் போவதில்லை என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் டயர் மாற்றக் காத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மூலையில், மற்றச் சைக்கிள்களுக்குப் பின்னால், பச்சை நிறத்தில் ஒன்று இருந்தது. சாதாரண அலுமினியம், சின்ன பிரேம், அந்தப் பிரேமுக்கு ஏற்ற சின்ன சக்கரம். காலைப் போட்டு நின்றேன். குறுக்குக் குழாய் இடிக்கவில்லை. சீட்டில் உட்கார்ந்தேன், முழங்கை இலேசாக மடிந்தபடியே கைப்பிடியைப் பிடிக்க முடிந்தது. பிரேக்கை ஒவ்வொரு பக்கமாகப் பிடித்து எந்தச் சக்கரம் நிற்கிறது என்று தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கடைக்கு வெளியே ரோட்டோரம் போய் வந்தேன், திரும்பவும் போய் வந்தேன். கடைக்காரர் வெயிலில் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றார். இது கொஞ்சம் கனமான சைக்கிள் என்று எச்சரித்தார். இருக்கட்டும் என்றேன்.

முதல் சனிக்கிழமை அந்தப் பலகைப் பாலத்து இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். அடுத்த வாரமும் அப்படித்தான். பிறகு ஒருநாள் ஓட்டிக்கொண்டே இறங்கிவிட்டேன், அக்கா கீழே நின்று கத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் சில வாரம் சாப்பிட வரவில்லை. என் கணவர் போய்க் கூட்டி வந்தார். வந்தவன் பச்சைச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தான், ஒன்றும் சொல்லாமல் இருக்க அவன் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. சாப்பிட்டு முடித்து, கை கழுவும்போது முடியாமல் கேட்டுவிட்டான்.

"அண்ணி, சேத்துல டயர் வழுக்குதா?"

வழுக்கத்தான் செய்தது. ஆமாம் என்றேன். இன்னும் கொஞ்சம் தடித்த, பெரிய பல் வைத்த டயர் போடலாமா என்று கேட்டான். அவன் என்னிடம் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போடு, ஆனால் டயரோடு நிறுத்து என்றேன்.

அடுத்த ஞாயிறு டயர் கொண்டு வந்து மாட்டினான். காற்றடித்துவிட்டு, வழக்கம்போல் ஏறி உட்காரப் போனவன் காலை எடுத்துக்கொண்டு, நீங்க ஓட்டிப் பாருங்க என்றான். தாமானைச் சுற்றி வந்து, ரொம்ப இறுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் இறக்கு என்றேன். வீடியோவில் இந்த எடைக்கு இவ்வளவு காற்றுதான் சொல்கிறார்கள் என்றான். இறக்கு என்றேன். இறக்கினான். ஓட்டி வந்தேன். இன்னும் கொஞ்சம் என்றேன். அவன் அண்ணனைப் பார்த்தான். அவன் அண்ணன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"இதுக்கு மேல எறக்குனா தப்பு அண்ணி."

"நான் ஒரு சுத்து போய்ட்டு வந்து சொல்றேன்."

அவன் முனகிக்கொண்டே குந்தி உட்கார்ந்து வால்வை அழுத்தினான். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனேன்.